வாசகர் கேள்வி: வைட் ஸ்டார் கம்பனிக்கு என்ன நடந்தது?

கேள்வி: டைட்டானிக் மூழ்கிய நட்டத்தினால்தானா வைட் ஸ்டார் கப்பற் கம்பனி நொடித்துப்போனது?
– வாசகர் ஒருவர், வல்வெட்டித்துறை

பதில்: இல்லை, அந்த விபத்துக்குப் பின்னரும் அக்கம்பனி இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பல் ஓட்டியது. 1868இல் தோமஸ் இஸ்மே என்பவர், கடனில் அமிழ்ந்த பாய்க்கப்பல் நிறுவனமொன்றின் பெயரையும் கொடியையும் 1,000 பவுணுக்கு வாங்கி, பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அன்ட் வுல்ஃப் தளத்தில் நீராவிக் கப்பல்களைக் கட்டுவித்து, வட அத்திலாந்திக்கில் பெயர் எடுத்தார். 1902இல் அது அமெரிக்க முதலாளி ஜே. பி. மோர்கனின் கூட்டு நிறுவனத்துக்குள் போனது. (பிரித்தானியக் கொடியுடன் ஓடிய டைட்டானிக்கின் பின்னே நின்றது அமெரிக்கப் பணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.)

உண்மையான அடி பின்னரே விழுந்தது. 1924இல் அமெரிக்கா குடிவரவைக் கடுமையாக மட்டுப்படுத்தியதால், கம்பனிக்குச் சோறு போட்ட மூன்றாம் வகுப்புப் பயணிகள் குறைந்தனர்; 1927இல் அதைத் தம் குழுமத்தில் சேர்த்த கைல்சன்ட் பிரபு, பங்கு விளக்கப் பத்திரமொன்றில் பொய்யுரைத்தமைக்காக 1931இல் சிறை சென்றார்; பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. போட்டிக் கம்பனியான குனார்ட் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்ற குயின் மேரி என்னும் கப்பலை முடிக்கப் பிரித்தானிய அரசு கடன் தந்தபோது, குனார்ட் வைட் ஸ்டாருடன் இணைய வேண்டுமென அரசு நிபந்தனை விதித்தது. 1934இல் இணைப்பு நிகழ்ந்தது. வைட் ஸ்டாருக்காகக் கட்டப்பட்ட பிரிட்டானிக் என்னும் மோட்டார் கப்பல் மட்டும் 1960 வரை சேவையில் இருந்தது.