ஷீட் போட்ட கார் ஷெட்டுக்கு ஏசி வாங்கும் முன்

கேள்வி: எங்கள் வீடு வேலூரில். காரை விற்றுவிட்டதால், 10க்கு 20 அடி கார் ஷெட்டில் இரண்டு தையல் மெஷின் போட்டிருக்கிறேன். மேலே நீலக் கலர் ஷீட், மேற்குப் பார்த்த ரோலிங் ஷட்டர். சீலிங் ஃபேன் ஓடினாலும் மதியத்துக்கு மேல் தலை காய்கிறது. ஒரு டன் ஏசி போட்டால் சரியாகுமா?

பதில்: ஏசியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோவாட் வெப்பம் விழும். உங்கள் கூரை 18 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட்தான். கூரையில் விழுவது முழுவதும் உள்ளே இறங்காது என்றாலும், இப்படியே ஏசி போட்டால் கரண்ட் பில்தான் ஏறும்.

தலை காய்வதற்குக் காரணம், சுட்ட ஷீட் அடுப்பு மாதிரி உங்கள் மேல் அனலை வீசுவது. ஷீட்டுக்கு அடியில் தேங்கிய சூட்டுக் காற்றை சீலிங் ஃபேன் கீழே தள்ளவும் செய்கிறது. அதை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் வீசும் சுவர் ஃபேனோ பெடஸ்டல் ஃபேனோ வையுங்கள். இன்றைக்கே செய்யலாம்.

அடுத்தது கூரை. வெளிப்புறத்தில் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். நான் முதலில் பணம் போடச் சொல்வது இதில்தான். அடர்நிற ஷீட் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புது வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி, அதன் பிறகு அடிக்க வேண்டும். வேலை அதிகாலையில் நடக்கட்டும். சுடும் ஷீட்டில் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்து உரிந்துவிடும். ஏறுகிறவர் கீழே குறுக்குக் கம்பி ஓடும் ஸ்க்ரூ வரிசையில் பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். புழுதி படிந்தால் பலன் குறையும், ஆகவே கோடை தொடங்கும் முன் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் உள்ளே ஃபாயில் இன்சுலேஷன், அதாவது அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்பு விரிப்பு. ஷீட்டோடு ஒட்டவைக்காமல் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஒட்டினால் பலன் குறைந்துவிடும். விலை மலிவு என்று தெர்மாகோல் அடிக்க வேண்டாம். துணியும் அயர்ன் பாக்ஸும் இருக்கும் அறையில் அது தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்து விழும்.

அயர்ன் பாக்ஸ் என்றதும் இன்னொன்று. அதுவே 750 அல்லது 1000 வாட் சூட்டை அறைக்குள் சேர்க்கிறது. தேய்க்கும் வேலையை வராண்டாவுக்கு மாற்ற முடியுமா பாருங்கள்.

ஷட்டருக்கு உள்பக்கம் திரை போட்டால், இரும்பு சூடான பிறகு மறைப்பதாகிவிடும். வெளியே இரண்டு அடி தள்ளி, ஷேட் நெட்டோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். கிழக்குச் சுவரின் உச்சியில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, ஷட்டரைப் பாதி திறந்துவிட்டால், நிழலில் இருக்கும் காற்று உள்ளே வந்து, சூட்டுக் காற்று மேலே வெளியேறும்.

இவ்வளவுக்குப் பிறகும் கத்திரி வெயிலில் தாங்கவில்லையா? உங்கள் ஊரின் வறண்ட சூட்டுக்கு ஏர் கூலர் போதும், எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிய அறையில் வைத்தால் புழுங்கும். ஏசிதான் வேண்டும் என்றால் ஷட்டருக்கு உள்ளே ஒரு கதவும் தடுப்பும் போட்ட பிறகு வாங்குங்கள். ரோலிங் ஷட்டரின் சந்துகளில் குளிர்ச்சி நிற்காது.