சொல்லாமலே விட்டானே!

கேள்வி: 'உருசெய் யாட்சுரா' புதிய அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) 46 எபிசோடையும் இரண்டே வாரத்தில் பார்த்து முடித்தேன். கடைசி வரை அந்தப் பள்ளிக்கூடப் பையன் அதாரு, வேற்றுக்கிரகப் பெண் லம்மிடம் 'உன்னைப் பிடிக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 1981இல் வந்த பழைய தொடர் 195 எபிசோடாம். அதிலாவது சொல்கிறானா? பார்க்கலாமா, இல்லை மூலக் கதையான மங்காவையே (ஜப்பானியப் படக்கதை) வாசித்துவிடலாமா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: அதிலும் சொல்ல மாட்டான், தங்கையே. பழைய தொடர் 1986 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. கதையை எழுதி வரைந்த ருமிகோ தகாஹாஷி மங்காவை முடித்ததோ 1987இல். முடிவு எழுதப்படும் முன்பே டிவிக்காரர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். நீங்கள் பார்த்த அந்தக் கடைசித் துரத்தல், பழைய ரசிகர்களுக்கு 1988இல் தனித் திரைப்படமாகத்தான் கிடைத்தது. அதிலும் பயல் வாய் திறக்கவில்லை.

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் முதல் அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஜப்பானில் தொட்டுப் பிடிக்கும் விளையாட்டில் துரத்துகிறவருக்கே 'ஓனி' என்றுதான் பெயர். அதாவது கொம்பு வைத்த பூதம். தகாஹாஷி அதைத் தலைகீழாக்கினார். நிஜ ஓனியான லம் ஓடுகிறாள், மனிதப் பையன் அதாரு துரத்துகிறான். பூமியைப் பிடிக்க வந்த லம்மின் கூட்டம் வைத்த போட்டி இது: பத்து நாளுக்குள் அவள் கொம்பைப் பிடித்தால் பூமி பிழைக்கும். கடைசி நாளில் 'ஜெயித்தால் கல்யாணம்' என்று அவன் கத்துவது தன் காதலி ஷினோபுவை மனதில் வைத்து. தன்னைத்தான் கேட்கிறான் என்று லம் எடுத்துக்கொள்கிறாள். ஆக, இத்தனை கூத்தும் தப்பாகக் காதில் விழுந்த ஒரு வார்த்தையால் வந்தது.

கடைசியில் லம் அதே ஆளை, அதே விளையாட்டில், 'சொல்லு, இல்லாவிட்டால் என்னைப் பற்றிய நினைவே உனக்கு இருக்காது' என்று நெருக்கினால் எப்படிச் சொல்வான்? அந்த நேரத்தில் வருகிற வார்த்தை காதலா, பயமா என்று யார் கண்டது? அதனால்தான் அவன் கையோடு வைத்திருந்த லம்மின் பழைய கொம்பு கீழே விழுகிறது. வாய் சொல்லாததைக் கொம்பு சொல்லிவிட்டது. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால் சண்டைக்கு வர மாட்டேன். எதிரே வரும் பெண்ணிடமெல்லாம் விலாசமும் போன் நம்பரும் கேட்டு அலைகிற ஒருத்தனை 34 தொகுதி பொறுத்துக்கொண்ட பிறகு, இவ்வளவுகூட எதிர்பார்க்கக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும்.

பழைய தொடரைப் பாருங்கள், ஆனால் இரண்டு வாரத்தில் விழுங்காதீர்கள், திகட்டிவிடும். தொடக்கத்தில் அரை மணிக்கு இரண்டு குட்டிக் கதைகள், படமும் கொஞ்சம் கரடுமுரடு. போகப்போகத்தான் சூடு பிடிக்கும். முதல் 106 எபிசோடும் இயக்குநர் மமோரு ஓஷீ கைவண்ணம். மங்காவில் இல்லாத கிறுக்குத்தனமெல்லாம் சேர்த்திருப்பார். அவர் எடுத்த இரண்டாவது திரைப்படத்தை (1984) மட்டும் தவறவிடாதீர்கள்: பள்ளி விழாவுக்கு முந்தின நாளே திரும்பத் திரும்ப விடிந்துகொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கை, பழைய அதாருவுக்குக் குரல் கொடுத்த தோஷியோ ஃபுருகாவாதான் நீங்கள் பார்த்த புதியதில் அதாருவின் அப்பா!

மங்கா ஆங்கிலத்தில் இரண்டிரண்டு தொகுதியாகச் சேர்த்து 17 புத்தகமாக வந்திருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் லம்மைக் காணோமே என்று பதறாதீர்கள். அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் ஆசிரியருக்கே முதலில் இருக்கவில்லை.

வார்த்தை வாயால் வந்தே தீர வேண்டும் என்றால் உங்களுக்கான கதை வேறு. இதே தகாஹாஷி, இதே காலத்தில் (1980 முதல் 1987 வரை), பெரியவர்களுக்கான ஒரு பத்திரிகையில் 'மேசோன் இக்கோக்கு' எழுதிக்கொண்டிருந்தார். பழைய விடுதி ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ளும் இளம் விதவை கியோகோ, நுழைவுத் தேர்வில் தோற்று அங்கே தங்கிப் படிக்கும் கோதாய். இங்கே எல்லோருக்கும் வயதாகிறது. 15 தொகுதி இழுத்தாலும் கோதாய் கேட்டுவிடுகிறான். அதற்குக் கியோகோ வைக்கும் கோரிக்கையைக் கவனியுங்கள்: ஒரே ஒரு நாளாவது தன்னைவிடக் கூடுதலாக அவன் வாழ வேண்டுமாம். அதை வாசித்த கையோடு, 'சாகப்போகும் நேரத்தில் சொல்கிறேன்' என்று அதாரு லம்முக்குச் சொன்ன பதிலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். யார் சாகும் நேரத்தில் என்று அவன் சொல்லவில்லை.