டூப்புதானேன்னு சொல்லாதீங்க

கேள்வி: டெட்பூல் 2 படம் முதல் பாகம் மாதிரி இல்லையே சார்? சிரிப்பு இருக்கு, ஆனா ஆரம்பத்துலயே ஹீரோ டெட்பூலோட காதலி வனெஸாவைக் கொன்னு சென்டிமென்ட் ஆக்கிட்டாங்க. சண்டை சூப்பர்னு எல்லாரும் சொல்றாங்க, அதெல்லாம் டூப்புதானே போட்டிருப்பாங்க, அதுல பாராட்ட என்ன இருக்கு? நீங்க ஏன் ரெண்டாவதுதான் பெஸ்ட்னு அடம்பிடிக்கறீங்க?

பதில்: மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், அந்த 'டூப்புதானே'வைத் தாண்டி என்னால போக முடியல. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கறவங்களுக்குத் தெரியும், இந்த விஷயத்துல எனக்கு சட்டுனு கோபம் வந்துடும். முழு விமர்சனமும் எழுதிட்டு கடைசி வரியில 'சண்டைக் காட்சிகள் விறுவிறுப்பு'ன்னு மூணு வார்த்தையில முடிச்சுடற ஆளுங்களோட எனக்கு இருக்கற பகை இன்னிக்கு நேத்து வந்தது இல்ல.

நீங்க சொல்ற படத்தை எடுத்தவரே ஒரு டூப்புதாங்க. டேவிட் லீட்ச். ஃபைட் கிளப், ட்ராய், மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்னு பிராட் பிட்டுக்காக விழுந்து எழுந்தவர், அப்புறம் மேட்ரிக்ஸ்ல கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்ட சாட் ஸ்டஹெல்ஸ்கியோட சேர்ந்து 2014ல ஜான் விக் எடுத்தார், ஆனா டைரக்டர்னு டைட்டில்ல வந்தது ஸ்டஹெல்ஸ்கி பேர் மட்டும்தான். டெட்பூல் 2 ஆரம்ப டைட்டிலை திரும்பப் போட்டுப் பாருங்க, டைரக்டர் பேர் வரவேண்டிய இடத்துல 'ஜான் விக்ல நாயைக் கொன்ன ஆளுங்கள்ல ஒருத்தர்'னு இருக்கும் (அந்தப் படத்துல ஹீரோவோட நாயைக் கொன்னுடுவாங்க).

இப்ப அந்த பாராசூட் சீனுக்கு வாங்க, அதுக்காகவே நான் இந்தப் படத்தை திரும்பத் திரும்பப் பார்ப்பேன். எக்ஸ்-ஃபோர்ஸ்னு ஒரு டீம், ஒவ்வொருத்தனா இன்டர்வியூ வெச்சு எடுத்து, இனிமே படமே இவங்கதான்னு நம்மள நம்ப வெச்சு, மாஸா பாட்டைப் போட்டு பிளேன்ல இருந்து குதிக்க விடறாங்க, காத்து பலமா இருக்குன்னு முன்னாடியே சொன்ன ஒரே ஆளு பீட்டர், எந்த சக்தியும் இல்லாம விளம்பரத்தைப் பார்த்துட்டு வேலைக்கு வந்த மீசைக்காரர். குதிச்ச கொஞ்ச நேரத்துல ஒருத்தன் பஸ்ஸுல மோதறான், ஒருத்தன் ஹெலிகாப்டர் இறக்கையில சிக்கறான், ஒருத்தன் மரம் அரைக்கிற மெஷினுக்குள்ளயே இறங்கிடறான், அவனைக் காப்பாத்த ஓடி வந்த பீட்டர் அவன் கக்கின ஆசிட்லயே கரைஞ்சுடறார். நடுவுல வானிஷர்னு ஒருத்தன், கண்ணுக்கே தெரியமாட்டான், அப்படி ஒருத்தன் இருக்கானாங்கறதே சந்தேகம், அவன் கரண்ட் கம்பியில மாட்டறப்ப ஒரே ஒரு செகண்ட் மூஞ்சி தெரியுது பாருங்க, பிராட் பிட்! தியேட்டர்ல பாதிப் பேர் கவனிக்கறதுக்குள்ள சீன் போயிடும். பிட்டுக்காக மூஞ்சியைக் காட்டாம வருஷக்கணக்கா அடிபட்ட மனுஷன், தான் டைரக்டர் ஆனதும் பிட்டோட மூஞ்சியை மறைச்சு கம்பியில போட்டிருக்கார். அவங்க என்ன நினைச்சு எடுத்தாங்களோ, எனக்கு சூப்பர் ஹீரோ படங்கள்லயே இதைவிட நல்ல ஜோக் கிடையாது. இது ஸ்டன்ட் தெரிஞ்சவருக்குத்தான் வரும், எந்த உடம்பு எந்த நொடியில எங்க விழணும்னு கணக்குப் போட்டவருக்கு, சிரிப்பும் அதே கணக்குதான்.

அதே சீன்ல, அதே டீம்ல இருக்கற டாமினோ மட்டும் அலட்டிக்காம இறங்குவா. அவளோட சக்தியே அதிர்ஷ்டம்தான், அதெல்லாம் ஒரு சக்தியான்னு டெட்பூல் புலம்பிக்கிட்டே இருப்பான். அந்த டாமினோவுக்கு டூப் போட வந்தவங்க ஜோய் ஹாரிஸ், மோட்டார் சைக்கிள் ரேஸ் வீராங்கனை, ஸ்டன்ட் பண்ண வந்த முதல் படமே இதுதான். 2017 ஆகஸ்ட்ல வான்கூவர்ல ஷூட்டிங்ல பைக் கட்டுப்பாடு இழந்து செத்துப்போயிட்டாங்க, தலையில ஹெல்மெட் கிடையாது, ஏன்னா கேரக்டர் ஹெல்மெட் போடாது. படத்தை அவங்க நினைவுக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காங்க. இனிமே யார் 'டூப்புதானே'ன்னு கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஆஸ்கர் ஆரம்பிச்சது 1929ல. மேக்கப், சவுண்ட், உடைன்னு எல்லாத்துக்கும் அவார்டு உண்டு, ஸ்டன்டுக்கு மட்டும் இல்லவே இல்ல. லீட்ச் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா போய்ப் பேசி, 2025 ஏப்ரல்லதான் ஆஸ்கர் குடுக்கற அகாடமி சம்மதிச்சுது, அதுவும் 2027ல வர்ற படங்கள்ல இருந்துதான், அதாவது நூறாவது விழாவுலதான் முதல் அவார்டு. ஊமைப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் மேல வீட்டு முன்சுவரே சாஞ்சு விழுந்தது ஆஸ்கருக்கு முன்னாடி, 1928ல. அதுக்கப்புறம் எத்தனை தலைமுறை இந்த அவார்டைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாங்க!

சரி, உங்க கேள்வி. முதல் பாகம் டிம் மில்லர் எடுத்தது, 5.8 கோடி டாலர் பட்ஜெட், காசு பத்தாம ஒரு பெரிய துப்பாக்கிச் சண்டையையே தூக்கிட்டு, டெட்பூல் துப்பாக்கிப் பையை டாக்ஸியில மறந்து வெச்சுட்டு வர்ற மாதிரி மாத்தினாங்க. அந்தச் சிக்கனம் அந்தப் படத்துக்கு நல்லாவே இருந்துச்சு, ஒத்துக்கறேன். ரெண்டாவதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு செலவு, அங்கங்க சதை போட்டிருக்கு, நடு ஜெயில் போர்ஷன் எனக்கும் இழுவைதான். ஆனா வனெஸா விஷயத்துல முழுக்க உங்க கட்சி நான். ஹீரோ அழறதுக்காக ஒரு பொண்ணைக் கொல்றது சோம்பேறித்தனம், அதுவும் மொரீனா பக்கரின் மாதிரி ஒரு நடிகையை வெச்சுக்கிட்டு. முடிஞ்சப்புறம் வர்ற சின்ன சீன்ல டெட்பூல், எதிர்காலத்துல இருந்து வந்த கேபிளோட டைம் மெஷினை எடுத்துட்டுப் போய் அவளைக் காப்பாத்திடறான், கூடவே பீட்டரையும். அவ்வளவு சுலபமா திருப்பிக் கொண்டுவர முடியும்னா எதுக்குக் கொல்லணும்? கேபிள் கொல்ல வர்ற பையன் ரஸ்ஸலை டெட்பூல் காப்பாத்தற கதைக்கு அவ சாவு தேவையே இல்ல, அவ உயிரோட இருந்து 'போய் அவனைக் கூட்டிட்டு வா'ன்னு சொல்லியிருந்தாலே டெட்பூல் கிளம்பியிருப்பான்.