வெள்ளை நுரையும் கறுப்புப் பாறையும்

கேள்வி: ஒகேனக்கல்லில் படம் எடுத்தால் அருவி நுரை வெறும் வெள்ளையாகிவிடுகிறது, வெளிச்சத்தைக் குறைத்தால் பாறை இருட்டாகிறது. வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று படங்களைச் சேர்த்து, இருட்டும் வெளிச்சமும் ஒரே படத்தில் தெரியும்படி எச்டிஆர் செய்யலாமா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். கேமராவை ட்ரைபாடில் வைத்து, ரா ஃபார்மட்டில் (கேமரா பதிந்த தகவல் முழுவதும் இருக்கும் கோப்பு), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஃபோகஸ் மூன்றையும் தொடாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். நடுப்படம் 1/250 நொடி என்றால் நுரைக்கு 1/1000, பாறைக்கு 1/60, அதாவது இரண்டிரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). ஆட்டோ பிராக்கெட்டிங் இருந்தால் கேமராவே மூன்றையும் அடுத்தடுத்து எடுத்துவிடும்.

உண்மையான சிக்கல் தண்ணீர்தான். பாறை அசையாது, ஆனால் நுரை ஒவ்வொரு படத்திலும் வேறு வடிவில் இருக்கும், அப்படியே சேர்த்தால் பேய் நிழல் மாதிரி இரட்டை இரட்டையாகத் தெரியும். லைட்ரூம் மென்பொருளில் சேர்க்கும்போது, இந்தப் பேய் நிழலை நீக்கும் டீகோஸ்ட் வசதியைப் போடுங்கள்; அதிலும் சரிவராவிட்டால் போட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் (ஒரு படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் மறைப்பு) போட்டு அருவியை மட்டும் 1/1000 படத்திலிருந்து எடுங்கள், எனக்குப் பிடித்த வழி இதுதான். அப்புறம் நிழலை ரொம்பத் தூக்காதீர்கள், அந்தப் பாறைக்குக் கறுப்புதான் அழகு.

பரிசலில் போகும்போது இதெல்லாம் வேண்டாம், படகே ஆடும். நுரை வெளுக்காத அளவுக்கு ஒரே ஒரு ரா படம் எடுத்து, நிழலைப் பிறகு உயர்த்திக்கொள்ளுங்கள்.