எட்டு நாளாச்சுங்க

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. மனைவி, குழந்தையோடு தஞ்சாவூரில் குடியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கௌரவ விரிவுரையாளர் வேலை. பகுதி நேரமாக பி.எச்.டி.யும் செய்கிறேன். மேட்டூர் அணை கட்டிய காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் பாசனச் செய்திகள் என்பது தலைப்பு. மிராசுதார் பெயர்தான் அச்சில் வருகிறது, வயலில் நின்றவர் பெயர் வருவதில்லை என்பது நான் கண்டது. நாலு வருடம் ஓடிவிட்டது, இரண்டு இயல்தான் முடிந்திருக்கிறது. இதற்கிடையில் நண்பர்களோடு டெல்டா செய்திகளுக்கு ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். குறுவை நெல் மழையில் நனைந்தது பற்றிப் போட்ட வீடியோவை 40,000 பேர் பார்த்தார்கள் (அதில் படுதா போர்த்துகிற பெரியவர் என் அப்பாதான், கேமராவுக்காக 'ஐயா' என்று கூப்பிட்டேன், அவரும் இயல்பாகப் பேசினார்). உ.வே.சா. பாடமும் நடத்திக்கொண்டு பதிப்பு வேலையும் பார்க்கவில்லையா? மூன்றுக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்.

பதில்: தம்பி, நாலு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். கூடவே ஓர் அட்டவணையும் வைத்திருந்தீர்கள். வாரத்தில் வகுப்புக்கு 16 மணி நேரம், ஆய்வுக்கு 8, சேனலுக்கு 27. நான் வேறு ஒன்றை எண்ணினேன். 'சப்ஸ்கிரைபர்' ஏழு இடத்தில் வருகிறது. அப்பா ஒரே இடத்தில் வருகிறார், அதுவும் அடைப்புக்குறிக்குள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். வேலை, படிப்பு, ஆசை, மூன்றும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கிறது என்பார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று நாலு வரி எழுதி அனுப்பலாம். உங்களுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய இணைப்பில் போய் வீடியோவைப் பார்த்தேன். கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியல். நீலப் படுதா, ஓரம் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு சைக்கிள் டயர். பக்கத்தில் தூக்குவாளி. மைக்கை நீட்டி, "எத்தன நாளா ஐயா இங்க கெடக்கீங்க?" என்று கேட்கிறீர்கள். "எட்டு நாளாச்சுங்க" என்கிறார். பெற்ற பிள்ளைக்கு 'ங்க' போட்டுப் பதில் சொல்கிறார். சொல்லும்போது அவர் பார்வை உங்கள் மேல் இல்லை, படுதாவின் முடிச்சில் இருக்கிறது. இதைத்தான் இயல்பாகப் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

ஒரு கேள்வி. எட்டு நாள் என்பது மைக்கை நீட்டுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அந்த எட்டு நாளில் ஒரு ராத்திரியாவது அந்தக் குவியலுக்குக் காவல் இருந்தீர்களா? தெரியாது என்றால் அது இன்னும் மோசம். சொந்த அப்பா எங்கே படுத்திருக்கிறார் என்பதே உங்களுக்குச் செய்தியாகத்தான் கிடைத்திருக்கிறது. வீடியோ முடிந்ததும் படுதாவின் இன்னொரு முனையைப் பிடித்தீர்களா? அன்று ராத்திரியே எடிட் செய்து ஏற்றியதாகக் கடிதத்தில் இருக்கிறது. அப்படியானால் சாயங்காலமே பஸ் ஏறியிருப்பீர்கள்.

அந்த நெல் விற்ற காசில்தான் உங்கள் எம்.ஏ. ஃபீஸ் கட்டியிருப்பார். இது கடிதத்தில் இல்லை, நானாகச் சொல்கிறேன். தப்பு என்றால் எழுதுங்கள், இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்குப் பழைய மனசு. பெற்றவர் சாக்கை விரித்துப் படுத்திருக்கும்போது பிள்ளை மெத்தையில் படுப்பதை எந்தப் பட்டத்தை வைத்தும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

சரி, மகன் என்பதை விடுங்கள், செய்தியாளராகவே பேசுவோம். அவர் முகத்துக்குக் கீழே 'பாதிக்கப்பட்ட விவசாயி' என்று போட்டிருக்கிறீர்கள். வயலில் நின்றவர் பெயர் 1934இல் அச்சில் வரவில்லை என்று ஆய்வு எழுதுகிறவர், பெயர் முழுசாகத் தெரிந்த ஒருவரைப் பெயரில்லாமல் போட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர் என்று தெரிந்தால் வீடியோவை நம்ப மாட்டார்கள் என்ற பயமா? அப்படியென்றால், 'இவர் என் தந்தை' என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும். அதை மறைத்துவிட்டு ஐயா போட்டுக் கேட்டது நாடகம்.

செய்தியும் அரைகுறை. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மழைக் காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதும், பதில் வருவதற்குள் அடி நெல் முளைத்துவிடும். உங்கள் அப்பா நெல்லுக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது? எத்தனை மூட்டை? தேங்கியது சாக்கு இல்லாமலா, லாரி வராமலா, அடுக்க இடம் இல்லாமலா? மூன்றும் வேறு வேறு ஆட்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம். வீடியோவில் ஒன்றுக்கும் விடை இல்லை. பின்னணியில் சோக இசை மட்டும் இருக்கிறது. ஒரு ராத்திரி அங்கே தங்கியிருந்தால் அத்தனையும் அப்பாவே சொல்லியிருப்பார், 'ங்க' போடாமல்.

உ.வே.சா.வை இழுத்திருக்கிறீர்கள். அவர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். சீவக சிந்தாமணி பதிப்பு 1887இல் வந்தது. அத்தனை வருடம் அவர் மூன்று வேலையா பார்த்தார்? வகுப்பில் சொன்னதும் தமிழ், வீட்டில் ஏடு பார்த்ததும் தமிழ். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்க அவரிடம் ஒன்றும் இல்லை.

இனி நீங்கள் கேட்டது. வகுப்பில் கை வைக்காதீர்கள். கெஸ்ட் லெக்சரர் சம்பளம் எனக்குத் தெரியும். அதற்காக எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் என்று ஆகிவிடக் கூடாது. ஆய்வுக்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022இல் போட்ட விதிப்படி ஆறு வருடம்தான் கணக்கு. அதற்கு மேல் மறுபதிவு செய்தால் இரண்டு வருடம் கிடைக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட், செட் தகுதித் தேர்வு போதும், பி.எச்.டி. கட்டாயமில்லை என்று 2023இல் சொல்லிவிட்டார்கள். ஆக, வேலைக்காகத்தான் செய்கிறேன் என்ற சாக்கும் இனி செல்லாது. பிடித்திருந்தால் முடியுங்கள், இல்லையென்றால் வழிகாட்டியிடம் போய் நேரில் சொல்லிவிட்டு விடுங்கள். சேனலுக்கு 27 மணி நேரம் அநியாயம். வாரம் ஒரு வீடியோ போதும்.

அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டாம். கீழே அப்பா பெயரையும் ஊரையும் அவர் யார் என்பதையும் எழுதுங்கள். அதற்கு முன்னால் ஊருக்குப் போய் அவரிடம் கேளுங்கள், ஃபோனில் கேட்க வேண்டாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் அப்போது எடுத்துவிடுங்கள்.

தையில் சம்பா அறுப்பு. நெல் மறுபடியும் அதே வாசலுக்குத்தான் போகும். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு போர்வையும் கொசுவர்த்தியும் எடுத்துக்கொண்டு முதல் ராத்திரியே போய்விடுங்கள். எதற்குடா வந்தாய் என்று திட்டுவார். திட்டட்டும்.