சென்னையிலிருந்து லிஃப்ட் கேட்டு வெளியூர் போக எங்கே நிற்க வேண்டும்?

பெருங்களத்தூரில் இரண்டு மணி நேரம் கை காட்டியும் ஒரு வண்டிகூட நிற்கவில்லை, திருச்சி வரை லிஃப்டிலேயே போக வேண்டும், எங்கே நின்றால் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பரனூர் டோல்கேட்டைத் தாண்டிப் போய் நில்லுங்கள். அதுவரை மின்சார ரயிலில் போங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரிந்தால் பெங்களூரு ரோட்டிலும் ஆந்திரா ரோட்டிலும் உங்கள் இடத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கல்லூரிக் காலத்தில் நானும் பெருங்களத்தூரில்தான் ஆரம்பித்தேன். தென்மாவட்டம் போகிற வண்டியெல்லாம் அந்த வழியாகத்தானே போகிறது என்ற கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் அங்கே போகிற நூறு வண்டியில் எத்தனை செங்கல்பட்டைத் தாண்டப் போகிறது? பாதிக்கு மேல் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று சிதறிவிடும். மிச்சத்தில் ஒரு பங்கு சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரகடத்துக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு ஒரு சின்ன வேன் நின்றது, சந்தோஷமாக ஏறினேன். அரை மணி நேரத்தில் அதே சிங்கப்பெருமாள் கோயிலில் என்னை இறக்கிவிட்டு ஒரகடம் ரோட்டில் போய்விட்டது. இன்னொரு சிக்கல், பெருங்களத்தூரில் பையோடு நிற்கிற யாரைப் பார்த்தாலும் டிரைவர் கண்ணுக்கு அவர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்தான். ஷேர் ஆட்டோ, மாநகரப் பேருந்து, ஆம்னி பஸ் எல்லாம் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, உங்களுக்காக ஒரு கார் ஒதுங்க நினைத்தாலும் ஒதுங்க இடம் இருக்காது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அங்கே போய் நிற்கிறவர்களும் உண்டு. அங்கேயும் இதே கதைதான்.

நல்ல இடம் என்றால் மூன்று விஷயம் பார்ப்பேன். உள்ளூர் வண்டிகள் கழன்று போயிருக்க வேண்டும். வண்டி தானாகவே வேகம் குறைந்து வருகிற இடமாக இருக்க வேண்டும். நிறுத்த அகலமான ஓரம் இருக்க வேண்டும். இருபது டன் ஏற்றிக்கொண்டு சீராக ஓடுகிற லாரியை உங்களுக்காக நிறுத்தி, மறுபடி ஒவ்வொரு கியராகப் போட்டு வேகமெடுக்கச் சொன்னால் எந்த டிரைவருக்கும் மனசு வராது. அவர் ஏற்கெனவே நின்றிருக்கும்போது, அல்லது நின்று கிளம்பும்போது கேட்டால் கதையே வேறு.

பரனூரில் இந்த மூன்றும் பெரும்பாலும் சேர்ந்து அமைகிறது. கடற்கரையிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறி, மகேந்திரா சிட்டியை ஒட்டியிருக்கும் பரனூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது திருச்சி போகிற நெடுஞ்சாலை, பக்கத்திலேயே. தெற்கே போகிற பக்கத்துக்கு வந்து கொஞ்சம் நடந்தால் டோல்கேட். டிக்கெட்டுக்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைக்குள்தான். சில பேர் லிஃப்டில் போவது என்று முடிவெடுத்துவிட்டால் வீட்டு வாசலிலிருந்தே கை காட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். ஊரை விட்டு வெளியே வருகிற வரை ரயில்தான் நல்லது.

டோல்கேட்டில் நிற்கும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் சில்லறைக்காக வண்டி ஒவ்வொன்றும் நிற்கும், ஜன்னல் திறந்திருக்கும், இரண்டு வார்த்தை பேசலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு தடுப்புக்கட்டை தூக்கியதும் வண்டி போய்விடுகிறது. லேன்களுக்குள் நடந்து போய்க் கேட்பது ஆபத்து, ஊழியர்களும் விரட்டுவார்கள், அது நியாயம்தான். அதனால் கவுன்ட்டரை விட்டு இருநூறு மீட்டர் தள்ளி, லேன்கள் மறுபடி ஒன்றாகச் சேரும் இடத்துக்குப் போங்கள். அங்கேதான் லாரிக்காரர்கள் ஓரம் கட்டுவார்கள். கீழே இறங்கி, கையில் ஒரு இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார்கள். காற்று சரியாக இருந்தால் 'ணங்' என்று கெட்டியாகக் கேட்கும், இறங்கியிருந்தால் 'தொப்' என்று விழும். அவர் கடைசி டயரைத் தட்டி முடிக்கிற வரை காத்திருந்து, பிறகு பக்கத்தில் போய்ப் பேசுங்கள்.

அப்படித்தான் ஒருமுறை நாமக்கல் லாரி ஒன்று கிடைத்தது.

"அண்ணே, திருச்சிப் பக்கம் போறீங்களா?"

"நான் உளுந்தூர்பேட்டையில சேலம் ரோட்டுல திரும்பிடுவேன் தம்பி."

"அதுவரைக்கும் போதும்ணே."

என் பையை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏறு, செருப்பைக் கழட்டிட்டு ஏறு" என்றார். கேபினுக்குள் அது அவர் வீடு. சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்த போர்வை, கண்ணாடிக்கு மேலே வரிசையாகச் சாமி படங்கள், அதில் காலையில் போட்ட மல்லிகைச் சரம், என்ஜின் சூடு காலில் லேசாக ஏறிக்கொண்டே இருந்தது. திண்டிவனம் வரும்வரை அவருடைய மகள் பிளஸ் டூ படிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். உளுந்தூர்பேட்டையில் என்னை இறக்கிவிட்டதோடு நிற்கவில்லை, டீக்கடையில் நின்ற இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டு, "நம்ம தம்பிதான், திருச்சியில விட்டுடுப்பா" என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போனார். இந்த மாதிரிக் கை மாற்றிவிடுவது டீக்கடை, டீசல் பங்க் மாதிரி டிரைவர்கள் கூடுகிற இடத்தில் மட்டும்தான் நடக்கும். அதனால் எங்கே இறக்கிவிடட்டும் என்று கேட்டால், ஊர்ப் பெயரைச் சொல்லாமல், லாரிகள் நிற்கிற கடை எதுவோ அதன் வாசலில் என்று சொல்லுங்கள்.

நம்பர் பிளேட் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். டிஎன் 45 திருச்சி, 28 நாமக்கல், 52 சங்ககிரி, 72 திருநெல்வேலி, 69 தூத்துக்குடி, 32 விழுப்புரம், பிஒய் என்றால் புதுச்சேரி. எங்கே பதிவான வண்டி என்று மட்டும்தான் அது சொல்லும், எங்கே போகிறது என்று சொல்லாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஎன் 45 கார் ஒன்று தெற்கே பார்த்துப் போனால் வீட்டுக்குத்தான் போகிறது என்று நம்பிக் கேட்கலாம்.

அட்டையில் ஊர்ப் பெயர் எழுதிப் பிடிப்பதென்றால் திருச்சி என்று எழுதாதீர்கள். அவ்வளவு தூரம் ஒரு புது ஆளோடு உட்கார வேண்டுமா என்று யோசிப்பார்கள். 'திண்டிவனம்' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். புதுச்சேரி ரோடு பிரிவது அங்கே, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிறவர்களும் அங்கேதான் திரும்புவார்கள், அதனால் மூன்று திசைக்காரர்களும் உங்களை ஏற்றலாம். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது இங்கே பல பேருக்குப் புரியாது. பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையைத் தாழ்த்தி, உள்ளங்கை தரையைப் பார்க்க மெதுவாக அசையுங்கள்.

பெங்களூரு ரோட்டுக்குப் பூந்தமல்லியில் நிற்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டிகள்தான் வந்துகொண்டே இருக்கும். பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போய்விடுங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் காஞ்சிபுரம் போய் வெள்ளைகேட். அங்கிருந்து போகிற வண்டியில் பெரும்பாலானது வாலாஜாவைத் தொடாமல் நிற்காது. இந்த ரோட்டில் மட்டும் வெயிலையும் கவனிக்க வேண்டும். மேற்கே போகிற ரோடு என்பதால் காலையில் சூரியன் வண்டிக்குப் பின்னால் இருந்து உங்கள் முகத்தில் அடிக்கும், டிரைவருக்கு நீங்கள் தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிவீர்கள். மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் நின்றால் வெயில் அவர் கண்ணில். நீங்கள் இருப்பதே பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் தாண்டிவிடுவார். நான் இந்த ரோட்டில் காலை ஏழு மணிக்கு முன்பே போய் நின்றுவிடுவேன்.

ஆந்திரா பக்கம் போவதென்றால் மாதவரம், புழல் எல்லாம் நெரிசல். கும்மிடிப்பூண்டி ரயிலில் போய், பைபாஸில் லாரிகள் நிற்கிற டீக்கடையில் கேளுங்கள். எளாவூர் சோதனைச் சாவடியில் நிறைய லாரி நிற்கும், ஆனால் அதிகாரிகள் இருக்கிற இடத்தில் எந்த டிரைவரும் ஆள் ஏற்ற மாட்டார், கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதியில் மாமல்லபுரம் வரை சுலபமாகக் கிடைக்கும், அதற்கு மேல் கொஞ்சம் பொறுமை வேண்டும். மதுரவாயல் பைபாஸ் மேலே மட்டும் தயவுசெய்து ஏறி நிற்காதீர்கள். அங்கே உங்களுக்காக ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிற வண்டிக்கு அது எமன்.

காசு விஷயம் ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். லாரியில் ஆள் ஏற்றிக் காசு வாங்குகிற பழக்கம் பல டிரைவர்களிடம் உண்டு, அதில் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை, அவர்களுக்குப் படிக்காசு அவ்வளவுதான். "லிஃப்ட்தான்ணே கேக்கறேன், காசு குடுத்துப் போறதில்ல" என்று நேராகச் சொல்லுங்கள். வழியில் டீயும் டிபனும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு ஏறுங்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. கல்யாணம் ஆன பிறகு நான் லாரியைக் குறைத்துக்கொண்டு கார்களையே அதிகம் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இருட்டிய பிறகு புதிதாக வண்டி ஏறாதீர்கள். ஏறுகிற ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் டிரைவர் பார்க்கும்படியே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். நல்லவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. முகம் சுளிக்கிறவர் வண்டியில் ஏற வேண்டாம். என்னோடு இரண்டு முறை வந்த தோழி ஒருவர், உள்ளே பெண்களோ குழந்தைகளோ இருக்கிற காரை மட்டும்தான் கை காட்டுவார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவருக்கு என்னைவிட நேரம் அதிகம் பிடிக்கும், ஆனாலும் அந்த வரம்பை அவர் ஒருமுறைகூட மீறியதில்லை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின நாள் முயற்சி செய்யாதீர்கள். காரெல்லாம் குடும்பத்தோடு நிறைந்து வரும், பரனூரிலேயே வரிசை நிற்கும்.

திரும்பி வரும்போது டிரைவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் நகரத்துக்குள் வர வேண்டாம், செங்கல்பட்டு பைபாஸில் இறங்கிக்கொள்ளுங்கள். லாரியாக இருந்தால் நகரத்துக்குள் லாரி வரக் கூடாத தடை நேரம் முடியும்வரை எங்காவது ஓரத்தில் கிடக்க வேண்டியிருக்கும். செங்கல்பட்டு ஸ்டேஷனில் கடற்கரை போகிற மின்சார ரயிலில் ஏறினால் ஜன்னல் ஓர சீட்டே கிடைக்கும், அங்கேதானே கிளம்புகிறது.