அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஜெயிக்கிற அணியின் ரசிகர்கள்கூட கோச்சைத் திட்டுகிறார்களே, ஏன்?

கேள்வியின் கீழே ஒருவர் "2023-இல் அயோவா அணி 10 ஆட்டம் ஜெயித்தது, அப்போதும் ரசிகர்கள் புலம்பினார்கள், பேராசைதானே?" என்று எழுதியிருந்தார். பேராசை இல்லைங்க. நான் அந்த ஊரில்தான் இருந்தேன். (ஃபுட்பால் என்றால் நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம்.) 2021-இல் அயோவா பல்கலைக்கழகம் இருக்கிற அயோவா சிட்டிக்கு மேல்படிப்புக்குப் போனவன், நான்கு வருடம். நாடே உட்கார்ந்து சிரித்த 2022, 2023 என்ற அந்த இரண்டு சீசன்களும் என் கண் முன்னால் நடந்தவை.

முதலில் ஒரு விஷயம். அயோவா மாநிலத்தில் என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால்) அணி கிடையாது, என்பிஏ (தொழில்முறை கூடைப்பந்து) கிடையாது, பெரிய பேஸ்பால் அணியும் கிடையாது. கல்லூரி அணிகள்தான் எல்லாம். அயோவா அணியின் கின்னிக் ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட 69,000 பேர் உட்காரலாம், சனிக்கிழமை ஆட்டமென்றால் ஊரே கறுப்பும் மஞ்சளுமாக மாறிவிடும். ஸ்டேடியம் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் வாசல் புல்வெளியில் காசு வாங்கிக்கொண்டு கார் நிறுத்த விடுவார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படித்தான். ரிட்டயர் ஆனவர், கராஜ் கதவைத் திறந்துபோட்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கடைசியில் அவரிடமே வருகிறேன்.

2022 செப்டம்பர் 3, சீசனின் முதல் ஆட்டம். எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட். ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடுகிற அணி (அந்தப் பிரிவில் அந்த சீசன் சாம்பியனே அவர்கள்தான், லேசுப்பட்டவர்கள் இல்லை, ஆனாலும்). திருநெல்வேலியிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனுக்கு விதியை இப்படிச் சொன்னேன்: நாலு வாய்ப்பு, பத்து யார்டு முன்னேறணும், மூன்றில் முடியவில்லை என்றால் நாலாவதில் பந்தை முடிந்தவரை தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம், அதற்குப் பேர் பண்ட். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 பாயிண்ட், அதற்கு மேலே ஒரு உதை, மொத்தம் 7.

அயோவா 7-3 என்று ஜெயித்தது. ஸ்கோரை மட்டும் கேட்டவர்கள் ஒரு டச்டவுன் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைப்பார்கள். இல்லை. ஒரு ஃபீல்டு கோல், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கிடைக்கிற 3 பாயிண்ட். அப்புறம் இரண்டு சேஃப்டி, அதாவது பந்து வைத்திருக்கிற எதிரணிக்காரனை அவனுடைய எல்லைக்குள்ளேயே மடக்கிப் போட்டால் கிடைக்கிற 2 பாயிண்ட், இரண்டு தடவை. அந்த நாலும் எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸ் சம்பாதித்தது. பந்தை முன்னே கொண்டுபோக வேண்டிய அஃபென்ஸ் மொத்த ஆட்டத்திலும் போட்டது அந்த மூன்று மட்டும்தான். அன்றைக்குக் கூட்டத்தின் பெரிய கைதட்டல் பண்டருக்கு. என் ரூம்மேட் திரும்பி, "என்ன மச்சான், முடியாம பந்தைக் குடுத்துட்டுப் போறவனுக்கா இவ்வளவு கைதட்டுறாங்க?" என்றான். ஆமாம், அவருக்குத்தான். டோரி டெய்லர், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன்காரர். 2023-இல் ஒரே சீசனில் 4,479 யார்டு உதைத்து, 1938-இலிருந்து நின்றிருந்த தேசியச் சாதனையை உடைத்தார். ஒரு அணியின் பண்டர் இப்படிச் சாதனை படைக்கிறார் என்றால் அந்த அணியின் அஃபென்ஸ் எத்தனை தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஊரில் "பண்டிங் இஸ் வின்னிங்" என்று போட்ட டீ-ஷர்ட் விற்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன், மறைப்பானேன்.

இப்போது கோபத்துக்கு வருவோம். தலைமை கோச் கிர்க் ஃபெரென்ட்ஸ், 1999 சீசனிலிருந்து அங்கேதான். நல்ல மனிதர், நல்ல கோச், ஆண்டுக்கு 70 லட்சம் டாலர் சம்பளம். அவருடைய அஃபென்ஸ் கோச், 2017-இலிருந்து, பிரையன் ஃபெரென்ட்ஸ். சொந்த மகன். பல்கலைக்கழக விதிப்படி அப்பாவுக்குக் கீழே மகன் நேரடியாக வேலை பார்க்கக்கூடாது, அதனால் காகிதத்தில் மகனுடைய மேலதிகாரி அப்பா இல்லை, விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டா. காகிதத்தில். 2022-இல் மொத்தம் எடுத்த யார்டு கணக்கில் நாட்டிலுள்ள 131 அணிகளில் அயோவா 130-ஆவது. வேறு எந்த ஊராக இருந்தாலும் அஃபென்ஸ் கோச் அடுத்த வாரமே பெட்டியைக் கட்டியிருப்பார். இங்கே என்ன நடந்தது தெரியுமா?

2023 பிப்ரவரியில் ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார்கள். மகனின் சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சம் ஆனது, கூடவே இரண்டு நிபந்தனை: குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அணி சராசரியாக ஆட்டத்துக்கு 25 பாயிண்ட் எடுக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வேலை நீடிக்கும். 25 என்பது பெரிய எண் ஒன்றும் இல்லை, பல அணிகள் சாதாரணமாக எடுப்பது. இதில் வேடிக்கை என்னவென்றால் டிஃபென்ஸ் போட்ட பாயிண்டும் கணக்கில் சேரும். அதாவது அஃபென்ஸ் கோச்சின் வேலையை டிஃபென்ஸ்காரர்கள் பந்தைப் பிடுங்கி ஓடிக் காப்பாற்றலாம்! ஒரு மனிதரைப் பார்த்து "இது போதாது" என்று நேரில் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, அதனால் ஒரு எண்ணை எழுதி அதன் தலையில் பழியைக் கட்டிவிட்டார்கள். என் அபிப்பிராயம் இது. ஊரில் பாதிப் பேருக்கும் இதுவேதான்.

பதிமூன்று ஆட்டத்துக்கு இருபத்தைந்து, மொத்தம் 325. ரசிகர்கள் எல்லோரும் கணக்குப்பிள்ளை ஆனார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜ் சுவரில் கார் பார்க்கிங் ரேட் எழுதுகிற வெள்ளைப் பலகையில், ரேட்டுக்குக் கீழே, 325 என்று எழுதினார். முதல் ஆட்டம் யூட்டா ஸ்டேட்டுடன், 24-14 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த சாயங்காலம் அவர் பலகை முன்னால் நின்று, 325-ஐ அழித்து 301 எழுதிவிட்டு, "ஒன்று குறைகிறது" என்றார். ஜெயித்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்து அதே மாநிலத்து இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட்டுடன் 20, பலகையில் 281. வெஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிராக 41 எடுத்தபோது மனிதர் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், 240. அதற்கடுத்த வாரம் பென் ஸ்டேட்டில் 31-0 என்று தோற்றார்கள், மொத்த ஆட்டத்திலும் 76 யார்டு. பலகையில் 240 அப்படியே இருந்தது. மாற்ற ஒன்றும் இல்லையே.

நியாயமாகப் பேசினால் அடிபட்ட கதையும் உண்டு. மிச்சிகன் அணியிலிருந்து பெரிய எதிர்பார்ப்போடு வந்த குவாட்டர்பேக் (பந்தை வீசி அஃபென்ஸை நடத்துகிறவர்) கேட் மெக்னமாராவுக்கு செப்டம்பர் கடைசியில் முழங்கால் போயிற்று, பந்து வாங்குவதில் கெட்டிக்காரர்களான இரண்டு டைட் எண்டுகளும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். எந்தக் கோச்சுக்கும் இது கஷ்டம்தான். ஆனால் 2022-க்கு என்ன சாக்கு? சார்லி ஜோன்ஸ் என்று ஒரு ரிசீவர், 2021-இல் அயோவாவில் மொத்த சீசனுக்கும் 21 பந்து பிடித்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனார், அங்கே 110 பிடித்தார். அதே கை, அதே கால். பெரியவருக்கு இந்த இரண்டு எண்ணும் மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இன்னொன்றும் நெஞ்சை அறுத்தது: டிஃபென்ஸ். ஃபில் பார்க்கர் என்கிற டிஃபென்ஸ் கோச் அந்த 2023-இல் நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கினார். அவருடைய ஆட்கள் எதிரணியை 6, 7, 10 பாயிண்டில் நிறுத்துவார்கள், நிறுத்திவிட்டு மூச்சு வாங்கப் பெஞ்சில் உட்காருவார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் அஃபென்ஸ் மூன்று வாய்ப்பையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கும். மறுபடி எழுந்து ஓட வேண்டும். ஒரு வீட்டில் ஒருவர் ராப்பகலாகச் சம்பாதிக்க, இன்னொருவர் சும்மா இருக்க, வீட்டுப் பெரியவர் "எல்லாம் நன்றாகத்தானே போகிறது" என்றால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அந்தக் கோபம்தான் இது. தோற்றதால் வந்ததில்லை. ஜெயித்துக்கொண்டே இருந்ததால் யாரும் கேள்வி கேட்க முடியவில்லை, அதனால் வந்தது.

அக்டோபர் நடுவில் ஒரு வாரக் கடைசியை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை விஸ்கான்சினில் 15-6 வெற்றி. மறுநாள் ஞாயிறு, கின்னிக் மைதானத்திலேயே மரத்தளம் போட்டு எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. நட்சத்திர ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் இருந்த அணி. 55,646 பேர் வந்தார்கள், பெண்கள் கூடைப்பந்தில் அதுவரை யாரும் பார்க்காத கூட்டம். ஸ்கோர் 94-72. ஆட்டமே வேறு, ஒப்பிடக்கூடாது, தெரியும். ஆனாலும் அந்தத் திடலில் ஒரே நாளில் 94 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்தவர் எழுந்து நின்று, "இந்தப் பெண்ணை குவாட்டர்பேக்காகப் போடுங்கப்பா" என்ற அர்த்தத்தில் கத்தியதும், சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பும் இருக்கிறதே, அதில் பாதி அழுகை.

அதற்கடுத்த சனி மினசோட்டாவிடம் 12-10 தோல்வி. கடைசி நிமிடங்களில் எங்கள் கூப்பர் டிஜீன் எதிரணியின் பண்ட் பந்தை எடுத்து ஓடி டச்டவுனே போட்டுவிட்டார், ஸ்டேடியம் அதிர்ந்தது, அப்புறம் ரீப்ளே பார்த்து, ஓடுவதற்கு முன் அவர் கையை ஆட்டியது செல்லாத சைகை, அப்படி ஆட்டினால் பந்தோடு ஓடக்கூடாது என்று ரத்து செய்தார்கள். நாடு முழுக்க நடுவரைத் திட்டினார்கள். பெரியவர் திட்டவில்லை. "நடுவர் ஒரு ஆட்டத்தைப் பிடுங்கினார். அதற்கு முன்னால் ஐம்பத்தெட்டு நிமிடம் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?" என்று கேட்டார். நான் இங்கே சொல்லாத ஆட்டங்களையும் கழித்து, பலகையில் 169.

அக்டோபர் 30 அன்று அறிவிப்பு வந்தது: சீசன் முடிந்ததும் பிரையன் போகிறார். சொன்னவர் பார்ட்டா இல்லை, அவர் ஆகஸ்டிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். இடைக்கால இயக்குநராக வந்த பெத் கெட்ஸ். அத்தனை வருடம் யாரும் சொல்லாததை, நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவர் சொன்னார். அன்றைக்கு அணியின் கணக்கு 6 வெற்றி, 2 தோல்வி! அதற்கப்புறமும் 10-7, 22-0, 15-13, 13-10 என்று வரிசையாக நாலு ஜெயித்தார்கள். பிறகு அயோவா ஆடுகிற லீகான பிக் டென்னின் இறுதி ஆட்டத்தில் (முதலில் போட்ட பதிமூன்று கணக்கில் இல்லாத கூடுதல் ஆட்டம்) மிச்சிகனிடம் 26-0, புத்தாண்டு அன்று டென்னசியிடம் 35-0. கடைசி இரண்டு ஆட்டத்தில் ஒரு பாயிண்ட்கூட இல்லை. மொத்தம் 14 ஆட்டம், 216 பாயிண்ட், சராசரி 15.4. யார்டு கணக்கில் நாட்டிலேயே கடைசி. 10 வெற்றி, 4 தோல்வி.

ஒரு கட்சிக்காரர்கள் சொல்வார்கள், பத்து ஜெயித்தாயிற்றே, வேறென்ன வேண்டும் என்று. டெஸ்ட் மேட்சில் ஐந்து நாளும் கட்டை போட்டு டிரா செய்வதை ரசிக்கிற ஆள் நான், மெதுவான ஆட்டம் எனக்குப் பகை இல்லை. ஆனால் கட்டை போடுவது ஒரு கலை. இங்கே நடந்தது, பந்து கைக்கு வந்ததும் எப்போது திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தது.

2024-இல் டிம் லெஸ்டர் புது அஃபென்ஸ் கோச். முதல் ஆட்டத்துக்குக் கிர்க் ஃபெரென்ட்ஸ் மைதானத்தில் இல்லை, மெக்னமாராவைச் சேர்க்கும்போது விதிமீறித் தொடர்புகொண்டதற்காகப் பல்கலைக்கழகமே ஒரு ஆட்டம் தடை போட்டிருந்தது. 40-0 என்று ஜெயித்தார்கள். அன்றைக்கு ஊரில் ஓடிய ஜோக்குகளை இங்கே எழுத முடியாது. 2023-இல் 463 யார்டு ஓடிய கேலப் ஜான்சன் 2024-இல் 1,537 யார்டு ஓடினார். அணியின் சராசரி 27.7. அந்த 25-ஐத் தாண்டியாயிற்று, ஒப்பந்தம் போனதற்கப்புறம்.

வெற்றி? எட்டுதான். முந்தைய வருடத்தைவிட இரண்டு குறைவு. பேராசை என்று எழுதிய நண்பர் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் புலம்பல் நின்றது அந்த 2024-இல்தான். கிர்க்கையும் மறுபடி எல்லோரும் கொண்டாட ஆரம்பித்தார்கள் (2025-இல் பிக் டென் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற கோச் ஆனார், அதற்குத் தகுதியானவர்தான்). 2024 சீசனின் கடைசி ஆட்டம் மிசூரியுடன், 27-24 என்று தோற்றோம். மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்து, துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "ஆட்டம் போயிற்றே" என்றேன். "24 எடுத்தோம், பார்த்தாயா?" என்றார், சந்தோஷமாக.